காயங்களை எண்ணத் தொடங்கிய கதை: மலேசியாவில் குடும்ப வன்முறை ஆய்வின் வரலாறு



'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்னும் பழமொழியை நாம் அனைவரும் படித்திருக்கிறோம், கற்பித்தும் இருக்கிறோம். பிள்ளையைக் கண்டிக்கும் தாயின் அன்பைக் குறிக்க அதனை எடுத்தாள்கிறோம். ஆனால் மனைவியை அடித்த கணவனுக்காக ஊர்ப் பெரியவர்கள் பரிந்து பேசும்போதும் இதே பழமொழியே வந்து நிற்கும். பழமொழி ஒன்று கையில் இருந்துவிட்டால் அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்பதில்லை. எத்தனை வீடுகளில் அடி விழுகிறது, அடிபட்ட உடலுக்கும் மனத்துக்கும் பின்னர் என்ன நேர்கிறது, அதனைக் கண்டு வளரும் பிள்ளைகள் என்ன ஆகிறார்கள் என்று முறையாகக் கேட்டு எழுதிவைக்கும் முயற்சி நம் நாட்டில் 1980களில்தான் தொடங்கிற்று. அந்த வரலாற்றை நம்மில் பலர் அறிந்திருக்கவில்லை. நம் வகுப்பறைகளோடும் அது தொடர்புடையது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எண்ணாமல் விட்ட காலம்தான் நெடியது. பிரிட்டிஷ் ஆட்சியில் தமிழகத்திலிருந்து ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்தவர்களுள் ஆண்களே மிகுதி. பெண்களும் பால் வெட்டினார்கள், புல் வெட்டினார்கள், ஆண்களைவிடக் குறைந்த கூலி பெற்றார்கள். லயத்து வீட்டுக்குள் நடந்த அடிதடி, உயிர் போனால் மட்டுமே நீதிமன்றம் சென்றது, கோப்பில் ஏறியது. அருணிமா தத்தா என்னும் வரலாற்றாய்வாளர் 2021-இல் வெளியிட்ட 'ஃப்ளீட்டிங் ஏஜென்சீஸ்' என்னும் நூல் மலாயாத் தோட்டங்களில் வாழ்ந்த இந்தியப் பெண்களின் வாழ்வை அத்தகைய கோப்புகளின் வழியாகவே மீட்டெடுக்கிறது. அக்கால அதிகாரிகள் இவ்வன்முறைக்குக் கண்ட காரணம் என்ன தெரியுமா? இந்திய ஆணின் பொறாமையும் இந்தியப் பெண்ணின் ஒழுக்கக் குறைவும்! கூலியையும், நெருக்கடியான லயத்தையும், ஆண்-பெண் எண்ணிக்கை ஏற்றத்தாழ்வையும் தாமே உருவாக்கி வைத்தவர்கள் அதனைப் பேசவில்லை.

சட்டமும் அப்படித்தான் இருந்தது. இந்தியத் தண்டனைச் சட்டத்தை ஒட்டி இங்கும் கொண்டுவரப்பட்ட தண்டனைச் சட்டத்தில் 498-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. பிறர் மனைவியை ஆசைகாட்டி அழைத்துச் செல்வது குற்றம் என்பது அதன் சாரம். முறையிடும் உரிமை கணவனுக்கே உண்டு. மனைவிக்கு அப்படி ஓர் உரிமை இல்லை. மனைவி கணவனின் உடைமை என்னும் எண்ணத்திலிருந்து பிறந்த அந்தப் பிரிவு, நாடு விடுதலை பெற்ற பிறகும் நீடித்தது. அரசமைப்புக்கு முரணானது என்று கூறிக் கூட்டரசு நீதிமன்றம் அதனைத் தள்ளுபடி செய்தது 2023 டிசம்பரில்தான். அடிபட்ட மனைவிக்கோ, 1990கள் வரை தனிச்சட்டம் எதுவும் இல்லை. சாதாரணக் காயம் விளைவித்தல் என்னும் 323-ஆம் பிரிவே அவளுக்குக் கிடைத்தது. அப்பிரிவின்கீழ் காவல்துறை தானாகக் கைது செய்ய இயலாது. மேலிடத்து உத்தரவின்றி விசாரணையும் தொடங்காது. புகார் கொடுக்க வந்தவளிடம், 'இது குடும்ப விவகாரம். வீட்டுக்குப் போய்ச் சமாதானமாகப் பேசித் தீர்த்துக்கொள்ளம்மா' என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அதிகாரிக்கு இரக்கமில்லை என்று மட்டும் இதனைக் கொள்ள முடியாது. சட்டமே அவருடைய கையைக் கட்டிவைத்திருந்தது.

மருத்துவ உலகின் கண்ணில் தாய்க்கு முன்னதாகப் பட்டது குழந்தை. 1962-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஹென்றி கெம்ப்பும் அவருடைய குழுவினரும் அடிபட்ட குழந்தைகளின் எக்ஸ்ரே படங்களில் பழைய முறிவுகளும் புதிய முறிவுகளும் ஒருசேரத் தெரிவதைச் சுட்டிக்காட்டி ஒரு கட்டுரை எழுதினர். 'மாடிப்படியில் விழுந்தான்' என்னும் பெற்றோர் கூற்றை மருத்துவர்கள் ஐயத்தோடு நோக்கத் தொடங்கியது அதன் பிறகே. நம் நாட்டில் 1985-இல் கோலாலம்பூர் பொது மருத்துவமனையில் குழந்தை வதை ஐயப்பாடுகளை ஆராயத் தனிக்குழு அமைந்தது. மருத்துவர், சமூகநல அதிகாரி, காவல்துறையினர் ஆகியோர் சேர்ந்து ஒரே குழந்தையைப் பற்றிப் பேசும் வழக்கம் அங்கே உருவாயிற்று. 1990-இல் ஒரு குழந்தை வதைக்கு ஆளாகி இறந்த செய்தி நாட்டையே உலுக்கியது. அடுத்த ஆண்டே குழந்தைகள் பாதுகாப்புச் சட்டம் 1991 நிறைவேறிற்று. அக்குழந்தைகளுள் பலருடைய தாய்மார்களும் அதே வீட்டில் அதே கையால் அடிபட்டிருக்கக்கூடும். அவர்களுக்காக அன்று எந்தக் குழுவும் இல்லை.

அந்த வேலையைத் தொடங்கியவர்கள் பெண்களே. 1982-இல் மகளிர் உதவி அமைப்பு, அதாவது டபிள்யூ.ஏ.ஓ., கணவனால் வதைக்கப்பட்ட பெண்களும் அவர்களுடைய பிள்ளைகளும் தங்குவதற்கென்று நாட்டின் முதல் புகலிடத்தைத் திறந்தது. 1985-இல் பெண் வழக்கறிஞர்கள், தொழிற்சங்கப் பெண்கள், பயனீட்டாளர் சங்கத்தினர், பட்டதாரிப் பெண்கள் எனப் பல தரப்பினரும் இணைந்து பெண்களுக்கு எதிரான வன்முறையை எதிர்க்கும் கூட்டு நடவடிக்கைக் குழுவை அமைத்தனர். அவர்கள் எங்குச் சென்றாலும் எதிர்கொண்ட கேள்வி ஒன்றுதான்: 'எங்கோ ஓரிருவர் அடிக்கிறார்கள், அதற்கு ஒரு சட்டமா?' இந்தக் கேள்விக்குக் கண்ணீர் விடையாகாது. கணக்குதான் விடையாகும் என்பதை அவர்கள் விரைவிலேயே புரிந்துகொண்டனர்.

1989-இல் மகளிர் உதவி அமைப்பு ஓர் ஆய்வு நிறுவனத்தின் துணையோடு நாடு தழுவிய கணக்கெடுப்பை நடத்தியது. பதினைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களுள் 39 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 18 இலட்சம் பேர், கணவராலோ காதலராலோ அடிபட்டிருக்கலாம் என்பது அதன் மதிப்பீடு. புகலிடப் பெண்கள், காவல்துறையினர், மருத்துவமனை ஊழியர்கள், சமூகநல அதிகாரிகள் ஆகியோரின் அனுபவங்களையும் சேர்த்துத் தொகுத்து 1995-இல் நூலாகவும் வெளியிட்டனர். 39 என்னும் எண் செய்தித்தாள்களிலும் நாடாளுமன்ற வட்டாரங்களிலும் திரும்பத் திரும்பப் பேசப்பட்டது. இந்த எண்ணைப் பற்றிக் கீழே மீண்டும் பேச வேண்டியிருக்கிறது.

குடும்ப வன்முறைச் சட்டம் 1994-இல் நிறைவேறியது. ஆசிய நாடுகளில் இத்தகைய தனிச்சட்டத்தை முதலில் இயற்றியவற்றுள் மலேசியாவும் ஒன்று. ஆனால் அது எளிதில் கிடைத்ததன்று. முஸ்லிம்களின் குடும்ப விவகாரங்கள் ஷரியா நீதிமன்றத்தின் வரம்புக்குள் வருவதால் இச்சட்டம் அவர்களுக்கும் பொருந்துமா என்னும் விவாதம் நீண்டது. குடும்பச் சட்டமாகக் கொள்ளாமல் தண்டனைச் சட்டத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டிய சட்டமாக அமைத்ததால், இனம், சமயம் பாராமல் அனைவருக்கும் பொருந்தும் வழி பிறந்தது. அடி குற்றமே, அடித்தவன் எந்தச் சமயத்தவன் என்பது கேள்வியன்று என்பதுதான் இதன் உட்கருத்து. எனினும் சட்டம் நிறைவேறிய பின் நடைமுறைக்கு வர ஏறக்குறைய ஈராண்டு பிடித்தது; பெண்கள் அமைப்புகள் மீண்டும் தெருவுக்கு வந்து கேட்ட பிறகு, 1996 ஜூன் முதல் நாள் நடப்புக்கு வந்தது.

சட்டத்துக்கு இணையாக மருத்துவமனையிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. என் பார்வையில் சட்டத்தைவிட இதுவே நாம் பெருமைப்படத்தக்கது. முன்பெல்லாம் அடிபட்ட பெண் அவசர சிகிச்சைப் பிரிவில் காயத்துக்குத் தையல் போட்டுக்கொண்டு, காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுத்து, அங்குக் கொடுக்கும் தாளோடு மீண்டும் மருத்துவமனைக்கு வந்து, பிறகு சமூகநல அலுவலகத்துக்கு அலைந்து, ஒவ்வோர் இடத்திலும் நடந்ததை முதலிலிருந்து சொல்ல வேண்டும். கைக்குழந்தையோடு, கையில் காசில்லாமல், எத்தனை பேரால் அது முடியும்? 1994-ஆம் ஆண்டுவாக்கில் கோலாலம்பூர் பொது மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் ஓரிட நெருக்கடி உதவி மையம் தொடங்கப்பட்டது. தனி அறை ஒன்றில் அவள் அமர்ந்திருப்பாள். மருத்துவர், ஆலோசகர், காவல்துறை அதிகாரி, சமூகநல அதிகாரி ஆகியோர் அவளைத் தேடி வருவர். பெண்கள் அமைப்புகளின் தொண்டர்களும் முறை வைத்து உதவினர். 1996-இல் சுகாதார அமைச்சு இதனைப் பிற அரசாங்க மருத்துவமனைகளுக்கும் விரிவுபடுத்தப் பணித்தது. பிற ஆசிய நாடுகளும் இம்முறையைப் பின்பற்றின. பிற்காலத்தில் பினாங்கிலும் கிளந்தானிலும் ஆய்வு செய்தவர்கள், பெரிய மருத்துவமனைகளில் ஓரளவு செயற்படும் இம்முறை சிறு மருத்துவமனைகளிலும் சுகாதார நிலையங்களிலும் ஆளின்றி, பயிற்சியின்றித் தடுமாறுவதைக் கண்டனர். நல்ல திட்டம் பட்டணத்தில் பிறந்து சிற்றூர் போய்ச் சேர்வதற்குள் மெலிந்துவிடுவது தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களான நமக்குப் புதிய செய்தியன்று.

இனி, எண்ணைப் பற்றி. 2010களின் முற்பகுதியில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கனித்தா ஆய்வு மையத்தினர், பேராசிரியர் ரஷிடா ஷுயிப் தலைமையில் தீபகற்ப மலேசியாவில் 18 முதல் 50 வயதுக்குட்பட்ட 3,440 பெண்களை நேர்கண்டனர். உலகச் சுகாதார நிறுவனத்தின் வினாநிரலே அவர்கள் பயன்படுத்தியது. வாழ்நாளில் கணவனின் வன்முறைக்கு ஆளானோர் பத்தில் ஒருவருக்கும் சற்றுக் குறைவு என்பது அவர்கள் கண்ட விடை. அன்று 39 விழுக்காடு. இன்று பத்துக்கும் குறைவு. எது உண்மை? வன்முறை நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டதா? அல்லது முதல் கணக்கு மிகையா?

இந்தப் புதிருக்கு விடை தேட மத்திய அமெரிக்க நாடான நிக்கராகுவா வரை போக வேண்டும். 1995-இல் அந்நாட்டின் லியோன் நகரில் மேரி எல்ஸ்பெர்க் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 488 பெண்களிடம் பேசினர். மணமானவர்களுள் 52 விழுக்காட்டினர் கணவரிடம் அடிபட்டிருந்தனர். 'நரகத்தில் மிட்டாய்' என்பது அவ்வாய்வறிக்கையின் தலைப்பு. மறு ஆண்டே அந்நாட்டு நாடாளுமன்றம் குடும்ப வன்முறைக்கு எதிரான சட்டத்தை இயற்றியது. ஆனால் வியப்பு இதுவன்று. ஏறத்தாழ அதே காலத்தில் தலைநகர் மனாகுவாவில் நடந்த மற்றோர் ஆய்வு 69 விழுக்காடு என்றது. 8,500-க்கும் மேற்பட்ட பெண்களை உள்ளடக்கிய தேசியக் கணக்கெடுப்போ 28 விழுக்காடு என்றது. மக்கள் ஒரே நாட்டினர், எண்கள் மூன்று. ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தபோது வேறுபாடு பெரிதும் கேட்கும் முறையில் இருப்பது தெரிந்தது. சிறு ஆய்வுகளில் கேட்பவர்களுக்கு நெடிய பயிற்சி தரப்பட்டிருந்தது, தனிமையில் கேட்டனர், ஒரே கேள்வியோடு நிறுத்தாமல் பல வகையில் கேட்டனர். பெரிய கணக்கெடுப்பில், கருத்தடை முதல் தடுப்பூசி வரை நீண்ட பட்டியலின் நடுவே இக்கேள்வியும் ஒன்றாக வந்து போயிற்று.

ஆகவே நம் நாட்டு எண்களையும் அவசரப்பட்டு ஒன்றோடொன்று மோதவிடுதல் ஆகாது. 1989-இன் எண் ஒரு மதிப்பீடு; பின்னைய எண், தனக்கு நேர்ந்ததைத் தானே ஒப்புக்கொண்ட பெண்களின் கணக்கு. ஒப்புக்கொள்ளாதவர் இரண்டாவதில் இடம்பெற மாட்டார். 39 விழுக்காட்டை இன்றும் சான்றாக மேடையில் முழங்குவது சரியன்று என்பது என் கருத்து. பத்துக்கும் குறைவுதானே என்று நிம்மதி கொள்வது அதனினும் தவறு. முப்பது மாணவர் உள்ள வகுப்பில் பத்தில் ஒன்று என்றாலும் மூன்று பிள்ளைகளின் தாய்மார் ஆகிறதே!

கேட்கும் முறை எண்ணை மட்டுமன்று, உயிரையும் பாதிக்கும். அடிப்பவன் காதில் விழும்படி கேட்டால், கேள்வி கேட்டவர் வாசலைத் தாண்டியதும் அடி விழும். இதனால் உலகச் சுகாதார நிறுவனம் 2001-இல் தனி நெறிமுறைகளையே வகுத்தது. ஒரு வீட்டில் ஒரு பெண்ணை மட்டுமே நேர்காண வேண்டும். தனிமையில் மட்டுமே பேச வேண்டும். ஆய்வின் உண்மைத் தலைப்பை வெளியில் சொல்லாமல் 'பெண்கள் உடல்நலமும் வாழ்க்கை அனுபவமும்' என்றே குறிப்பிட வேண்டும். இடையில் யாரேனும் வந்துவிட்டால் உடனே வேறு கேள்விக்கு மாறிவிட வேண்டும். உதவி தேவைப்படுவோருக்கு வழிகாட்டும் ஏற்பாடு இன்றி ஆய்வே தொடங்கக்கூடாது. இந்நெறிகளின்படி பத்து நாடுகளில் 24,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்திய ஆய்வு 2005-இல் வெளிவந்தது. உடல், பாலியல் வன்முறைக்கு ஆளானோர் ஜப்பானிய நகரில் 15 விழுக்காடு. எத்தியோப்பிய மாநிலத்தில் 71 விழுக்காடு. பண்பாடு, இயல்பு என்று எதனைச் சொன்னாலும், இவ்வளவு வேறுபாடு இருக்க முடிகிறது என்றால் குறைக்கவும் முடியும் என்றே நான் இதனைப் படிக்கிறேன்.

இந்த நெறிகளை நம் பள்ளிகளில் எண்ணிப் பாருங்கள். பிள்ளை வாடியிருக்கிறான் என்று பெற்றோர் இருவரையும் அழைத்து, கணவனை அருகில் வைத்துக்கொண்டே, 'வீட்டில் ஏதும் சிக்கலா அம்மா?' என்று தாயிடம் கேட்பது நம்மிடையே இயல்பாக இருக்கிறது. நல்ல எண்ணத்தோடு கேட்கும் அந்தக் கேள்விக்கு 'ஒன்றுமில்லை டீச்சர்' என்பதைத் தவிர அவளால் வேறு என்ன சொல்ல இயலும்?

உடல்நலத்துக்கு வருவோம். வன்முறை என்றதும் நம் மனக்கண்ணில் வருவது கண்ணோரம் கன்றிய முகம். ஆனால் 2013-இல் உலகச் சுகாதார நிறுவனம் பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, துணைவனின் வன்முறைக்கு ஆளான பெண்களுள் 42 விழுக்காட்டினருக்கே காயம் ஏற்பட்டிருந்தது. எஞ்சியோர் உடலில் நாம் தேடும் தழும்பு இல்லை. அவர்களுக்கு வேறு வகையில் நோய் வருகிறது. மனச்சோர்வு ஏற்படும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட ஏறத்தாழ இருமடங்கு. எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பும் கூடுதல். தீராத உடல்வலி, தலைச்சுற்றல், மறதி, தற்கொலை எண்ணம் ஆகியவை பத்து நாட்டு ஆய்விலும் திரும்பத் திரும்பத் தென்பட்டன. அதுவும், வன்முறை நின்று பல ஆண்டுகள் கழிந்த பிறகும். நிக்கராகுவாவில் பின்னர் நடந்த ஆய்வு, தாய் வன்முறைக்கு ஆளான வீடுகளில் ஐந்து வயதுக்குள் இறந்த குழந்தைகளும் மிகுதி என்று காட்டியது. தலைவலிக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு கிளினிக்குகளில் ஏறி இறங்கும் பெண்ணின் நோய்க்குப் பெயர் வேறாக இருக்கலாம். 2008-இல் வெளிவந்த மலேசிய ஆய்வொன்றில், அரசாங்கச் சுகாதார நிலையங்களுக்கு வந்த பெண்களுள் பத்தில் ஒன்பது பேருக்கும் மேலானோர், கணவர் கொடுமைப்படுத்துகிறாரா என்று எந்த மருத்துவரும் தங்களைக் கேட்டதே இல்லை என்றனர்.

குரல் மிகக் குறைந்தவர்களைப் பற்றிய ஆய்வு எவ்வளவு விலை கேட்கும் என்பதற்கும் நம் நாட்டிலேயே சான்று உண்டு. ஐரின் பெர்னாண்டஸ் 1946-இல் சுங்கைப்பட்டாணியில் பிறந்தவர். தொடக்கத்தில் நம்மைப் போல் ஆசிரியர். அப்பணியைத் துறந்து தொழிலாளர் இயக்கத்துக்கும் பெண்கள் இயக்கத்துக்கும் சென்று, 1991-இல் தெனாகானித்தா அமைப்பைத் தோற்றுவித்தார். அவ்வமைப்பினர் முந்நூறுக்கும் மேற்பட்ட அயல்நாட்டுத் தொழிலாளர்களை நேர்கண்டு, தடுப்பு முகாம்களில் நிலவிய அடி, பட்டினி, நோய், பாலியல் கொடுமை ஆகியவற்றை 1995-இல் ஒரு குறிப்பாணையாக வெளியிட்டனர். மறு ஆண்டு ஐரின் கைது செய்யப்பட்டார்; பொய்ச் செய்தி வெளியிட்டார் என்பது குற்றச்சாட்டு. வழக்கு ஏழாண்டு நடந்தது. 2003-இல் ஓராண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் 2008-இல்தான் விடுதலையானார். இடையில் 2005-இல் மாற்று நோபல் என்று போற்றப்படும் விருது அவரை வந்தடைந்தது. 2014-இல் மறைந்தார். ஒரு சிறு நேர்காணல் தொகுப்புக்காகப் பதின்மூன்று ஆண்டுகள்!

வீட்டுப் பணிப்பெண்களின் நிலை இன்னும் கேள்விக்குறியே. நம்மில் சிலர் வீட்டிலும் அவர்கள் பணிபுரிகிறார்கள். குடும்ப வன்முறைச் சட்டம் உறவினரைக் காக்கும். அதே கூரையின்கீழ் வாழும் பணிப்பெண்ணுக்கு அது பொருந்தாது. அவள் உறவினள் அல்லளே! மணம் செய்யாமல் சேர்ந்து வாழும் பெண்ணுக்கும் இதே கதி.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, அடிப்பவனும் அடிபடுபவளும் ஒரே வீட்டுக்குள் பூட்டப்பட்டனர். மகளிர் உதவி அமைப்புக்கு வந்த அழைப்புகளும் செய்திகளும் ஏப்ரலில் பிப்ரவரியைவிட மும்மடங்குக்கு மேல் உயர்ந்தன. அதே நாட்களில்தான் மகளிர் அமைச்சு, கணவரிடம் டோரேமோன் குரலில் கொஞ்சிப் பேசும்படி மனைவியருக்கு அறிவுரைப் படம் வெளியிட்டு, எதிர்ப்புக்குப் பிறகு மன்னிப்புக் கேட்டது. முப்பத்தைந்தாண்டு ஆய்வுக்குப் பின்னும் அறிவுரை மனைவிக்குத்தான் போகிறது.

ஆசிரியர்களாகிய நம் சட்ட நிலையையும் சொல்லிவிடுகிறேன். சிறார் சட்டம் 2001, வதையைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டியவர்களாக மருத்துவ அதிகாரி, குடும்பத்தினர், குழந்தைப் பராமரிப்பாளர் ஆகியோரைப் பெயர் குறித்துச் சொல்கிறது. ஆசிரியர் என்னும் சொல் அப்பட்டியலில் இல்லை. ஆயினும் சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம் 2017-இன்படி, அத்தகைய குற்றத்தை அறிந்தும் தெரிவிக்காத எவருக்கும் ஐயாயிரம் ரிங்கிட் வரை தண்டம் விதிக்கலாம். அதில் நாமும் அடக்கம்.

தாய்மார்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியவையும் சில உண்டு. 2012-இன் திருத்தம் மனத்தை வதைப்பதையும் வன்முறை என்று ஏற்றது. 2018 ஜனவரி முதல், நீதிமன்றம் திறக்கும்வரை காத்திராமல், சமூகநலத் துறை அதிகாரியே அவசரப் பாதுகாப்பு ஆணை வழங்கலாம்; விண்ணப்பித்த இரண்டு மணி நேரத்துக்குள் கிடைக்க வேண்டும்; ஏழு நாள் செல்லுபடியாகும். தாலியான் காசே எண் 15999, இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது. அரசாங்க மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு நேரே செல்லலாம். முதலில் சிகிச்சை, புகாரை அதன் பிறகு எழுதிக்கொள்ளலாம். காயத்தைப் பற்றிய மருத்துவரின் குறிப்பு நாளை வழக்குக்குச் சான்றாகும். ஆதலால் 'விழுந்துவிட்டேன்' என்று சொல்லாமல் நடந்ததைச் சொல்லும்படி அவரிடம் தனியாக, கணவரோ மாமியாரோ இல்லாத வேளையில், எடுத்துச் சொல்லுங்கள்.